எலி நிற ஃபோர்டு கார்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், அமெரிக்காவைக் காரில் சுற்றிய இரண்டு ரஷ்ய நகைச்சுவை எழுத்தாளர்களையும், அந்தப் பயணத்தை வைத்து அவர்கள் எழுதிய புத்தகத்தையும் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களுக்கே இந்த முறை பக்கம் முழுவதையும் கொடுத்துவிட்டேன்.

விருதுநகரிலிருந்து ஒரு வாசகர்: ஆசை காட்டிவிட்டு நாலு வரியில் நிறுத்திவிட்டீர்கள். யார் இவர்கள்? எங்கே போனார்கள்?

இல்யா இல்ஃப், எவ்கேனி பெத்ரோவ். இரண்டு பேருமே கருங்கடல் கரையில் இருக்கும் ஒடெசா ஊர்க்காரர்கள். ‘பன்னிரண்டு நாற்காலிகள்’ (1928), ‘தங்கக் கன்றுக்குட்டி’ (1931) என்ற இரண்டு நாவல்களால் சோவியத் நாட்டையே சிரிக்க வைத்தவர்கள். 1935 அக்டோபரில் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் நாளேடான ‘பிராவ்தா’வின் நிருபர்களாக நார்மண்டி கப்பலில் நியூயார்க் போய் இறங்கினார்கள். நியூயார்க்கைப் பார்த்துவிட்டு அமெரிக்காவைப் பார்த்துவிட்டோம் என்று சொல்லக் கூடாது, உள்ளே போக வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ஆனால் ஆங்கிலம் அரைகுறை. துணைக்கு ஓர் ஆள் வேண்டும். அவருக்குக் கார் நன்றாக ஓட்டத் தெரிய வேண்டும், ஆங்கிலமும் ரஷ்ய மொழியும் சரளமாக வர வேண்டும், அமெரிக்கா முழுவதும் அத்துப்படியாக இருக்க வேண்டும், படித்தவராகவும் நல்ல சுபாவமுள்ளவராகவும் இருக்க வேண்டும், இதற்கெல்லாம் மேல் பணம் சம்பாதிப்பதில் ஆசையே இருக்கக் கூடாது! இப்படி ஓர் ஆளைத் தேடி அலைவதையே ஓர் அத்தியாயமாக எழுதியிருக்கிறார்கள். கடைசியில் கிடைத்தது ஒரு தம்பதி. புத்தகத்தில் அவர்களுக்கு மிஸ்டர் ஆடம்ஸ், மிஸஸ் ஆடம்ஸ் என்று பெயர். கார் ஓட்டியது அந்த அம்மாதான். கைக்குழந்தையை நியூயார்க்கில் விட்டுவிட்டு வந்தார்.

எலி நிறத்தில் ஒரு புது ஃபோர்டு கார் வாங்கிக்கொண்டு நாலு பேரும் கிளம்பினார்கள். நயாகரா, ஹென்றி ஃபோர்டின் டியர்போர்ன், சிகாகோ, மார்க் ட்வைன் வளர்ந்த ஹானிபல், அப்புறம் ஓக்லஹோமா, சாண்டா ஃபே, கிராண்ட் கேன்யன், சான் ஃபிரான்சிஸ்கோ, ஹாலிவுட். திரும்பும் வழியில் மெக்சிகோ எல்லை, நியூ ஓர்லியன்ஸ், வாஷிங்டன். இரண்டு மாதம், பத்தாயிரம் மைல், அதாவது சுமார் 16,000 கிலோமீட்டர். 25 மாநிலங்களைத் தொட்டிருக்கிறார்கள்.

புத்தகத்தின் ரஷ்யத் தலைப்பின் பொருளைத் தமிழில் ‘மாடி இல்லாத அமெரிக்கா’ என்று சொன்னால் எனக்குச் சரியாகப் படுகிறது. வானளாவிய கட்டடம்தான் அமெரிக்கா என்று நினைத்துப் போனவர்கள், அந்த நாட்டின் பெரும்பகுதி மூவாயிரம், ஐயாயிரம், பதினைந்தாயிரம் பேர் வாழும் சின்னச் சின்ன ஊர்கள்தான் என்று கண்டுகொண்டார்கள். அங்கே வீடுகள் தரையோடு இருக்கின்றன. ஆங்கிலத்தில் இது 1937இல் ‘லிட்டில் கோல்டன் அமெரிக்கா’ என்ற பெயரில் வந்தது.

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி: இதை நாவல் என்பதா, பயணக் கட்டுரை என்பதா?

நூலகத்தில் பயண நூல் அலமாரியில்தான் வைப்பார்கள். 31 வருஷம் நூலகத்தில் வேலை பார்த்தவள் நான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: என்னிடம் விட்டால் நாவல் அலமாரியில் வைப்பேன். காரணம் மிஸ்டர் ஆடம்ஸ். வழுக்கைத் தலை, பருமனான உடம்பு, யாரைப் பார்த்தாலும் நின்று பேசிக் கேள்வி கேட்கும் ஆசை. எந்த நாவலாசிரியரும் இப்படி ஒரு பாத்திரம் கிடைத்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

அவருடைய தொப்பிக் கதையைப் பாருங்கள். வழியில் ஓரிடத்தில் தொப்பியை மறந்து வைத்துவிடுகிறார். அது தபாலில் அவர்கள் பின்னாலேயே வருகிறது. அவர்கள் ஓர் ஊரை விட்டுக் கிளம்பிய பிறகுதான் தொப்பி அந்த ஊருக்கு வந்து சேருகிறது. அடுத்த ஊருக்கு அனுப்பச் சொல்லி எழுதுகிறார்கள். மறுபடியும் அதே கதை. எங்கள் கிளை நூலகத்தில் இருந்த பிரதியில், இந்தத் தொப்பி வரும் பக்கத்தின் ஓரத்தில் யாரோ ஒரு வாசகர் பென்சிலால் சின்னதாகத் தொப்பி ஒன்று வரைந்திருந்தார். புத்தகத்தில் கிறுக்குவதை நான் பொறுத்துக்கொண்டதே இல்லை. அந்தத் தொப்பியை மட்டும் அழிக்க மனம் வரவில்லை. வேலையை விட்டு வரும் நாள்வரை அது அப்படியே இருந்தது.

இன்னோர் இடம். நியூயார்க் பக்கத்தில் இருக்கும் சிங் சிங் சிறைக்குப் போகிறார்கள். அங்கே மின்சார நாற்காலியைப் பார்த்ததும், சாகப் போகிறவனுக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும், ஒரு தரம் உட்கார்ந்து பார்க்கட்டுமா என்று ஆடம்ஸ் அனுமதி கேட்கிறார். உட்காரவும் செய்கிறார். படிக்கும்போது சிரிப்பு வருகிறது. அடுத்த நிமிஷம் வயிற்றைப் பிசைகிறது.

இந்த ஆடம்ஸ் கற்பனை ஆள் இல்லை. உண்மைப் பெயர் சாலமன் ட்ரோன். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் பொறியாளர், அந்த வேலையாகச் சோவியத் நாட்டில் இருந்தவர். நம் வாசகர்களுக்கு ஒரு செய்தி: இதே ட்ரோன் 1949-50இல் நேருவின் அழைப்பில் இந்தியாவுக்கு வந்து, தொழில் வளர்ச்சிக்கும் திட்டமிடலுக்கும் யோசனை சொன்னார். இதை முதன்முதலில் படித்த அன்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தொப்பியைத் தொலைத்த மனுஷர் நம் ஊர்ப் பிரதமரோடு உட்கார்ந்து பேசியிருக்கிறார்!

சேலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: சிரிப்பு எங்கிருந்து வருகிறது? அமெரிக்கர்களைக் கேலி செய்கிறார்களா?

கேலிக்காகக் கிளம்பியிருந்தால் புத்தகம் பத்துப் பக்கத்தில் தீர்ந்திருக்கும். இவர்கள் ஒரு பொருளை அருகில் போய்ப் பார்க்கிறார்கள், பார்த்ததை அப்படியே எழுதுகிறார்கள். சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மருந்துக்கடையிலேயே சாப்பாடும் கிடைக்கிறது, அதற்கு நம்பர் உண்டு: ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் என்று. எல்லாம் சுத்தம், எல்லாம் பளபளப்பு, நாக்கில் வைத்தால் ருசி இல்லை. மிளகுத்தூள் போட்ட தக்காளிச் சாறு ஒன்றுதான் அவர்களுக்குப் பிடித்துப்போகிறது. பெட்ரோல் பங்கில் நின்றால், கேட்காமலே எண்ணெய் பார்த்து, தண்ணீர் பார்த்து, முன்கண்ணாடியைத் துடைத்து, போகும் வழிக்கு வரைபடமும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். அதையும் அதே அக்கறையோடு எழுதுகிறார்கள்.

வழியில் கை காட்டுகிறவர்களை ஏற்றிக்கொள்கிறார்களே, அந்தப் பகுதிகள்தான் புத்தகத்தின் உயிர். அமெரிக்காவின் பெரும் பொருளாதார மந்தம் இன்னும் தீராத நேரம் அது. வேலை தேடி ஊர் ஊராகப் போகிறவர்கள் காரில் ஏறிய ஐந்தாவது நிமிஷம் தங்கள் வாழ்க்கை முழுவதையும் கொட்டிவிடுகிறார்கள். அப்படி ஏறிய ஓர் ஏழை இளைஞன் சொல்கிறான்: பணக்காரர்களிடமிருந்து சொத்தைப் பிடுங்கிவிட வேண்டும், ஆனால் ஆளுக்கு ஐம்பது லட்சம் டாலர் மட்டும் விட்டுவைக்க வேண்டும். அது எதற்கு ஐம்பது லட்சம்? அவன் இறங்கிப் போன பிறகு ஆடம்ஸ் விளக்குகிறார். தானும் ஒருநாள் கோடீஸ்வரன் ஆகிவிடுவோம் என்ற நம்பிக்கை அவன் மனசின் அடியில் இன்னும் இருக்கிறதாம். அமெரிக்காவைப் பற்றித் தடித்தடியான புத்தகங்கள் படித்திருக்கிறேன். இந்த ஒரு சவாரி அளவுக்கு எனக்கு விளங்க வைத்த பக்கம் அவற்றில் இல்லை.

கோவையிலிருந்து ஒரு வாசகர்: ஸ்டாலின் காலத்துப் புத்தகம் பிரசாரமாகத்தானே இருக்கும்?

உங்கள் சந்தேகம் நியாயமானது. நம் நாட்டில் இப்படி, இவர்கள் நாட்டில் அப்படி என்று ஒப்பிடும் பத்திகள் வருகின்றன. அவை புத்தகத்தில் ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கும். நான் அந்த இடங்களை வேகமாகத் தாண்டிவிடுவேன், நீங்களும் தாண்டலாம். ஆனால் அது எழுதப்பட்டு வெளிவந்த வருஷங்களை நினைத்துப் பாருங்கள்: 1936, 1937. அந்த நேரத்தில் மாஸ்கோவில் உட்கார்ந்துகொண்டு, அமெரிக்கன் வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுவான், அவர்களுடைய சாலை அற்புதம், சாதாரண மக்கள் ஒருவரோடு ஒருவர் சமமாகப் பழகுகிறார்கள் என்றெல்லாம் அச்சில் ஏற்றியிருக்கிறார்கள். அதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் படிக்கலாமா?

தாராளமாக. தொப்பியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகர்: இதே போல வேறு நாவல் உண்டா?

இரண்டு சொல்கிறேன். ஜெர்மன் மொழியில் எழுதிய காஃப்கா, அமெரிக்காவுக்குப் போகாமலேயே ‘அமெரிக்கா’ எழுதினார். அவர் இறந்த பிறகு 1927இல் வெளியானது. அதில் சுதந்திர தேவி சிலையின் கையில் தீபம் இல்லை, வாள் இருக்கிறது. நியூயார்க்கிலிருந்து பாஸ்டனுக்கு ஒரு பாலமும் இருக்கிறது! இன்னொன்று, ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் எழுதிய நபக்கோவின் ‘ப்னின்’ (1957). அமெரிக்காவில் பாடம் நடத்தும் ரஷ்யப் பேராசிரியர் ஒருவர், முதுகுவலியோடு படுக்கையில் கிடந்தபடி கலைக்களஞ்சியத்தில் மோட்டார் கார் பற்றிய கட்டுரையைப் படித்த பிறகுதான் கார் ஓட்டுவது என்றால் என்ன என்று அவருக்கு உண்மையாகப் பிடிபடுகிறது. கடைசிப் பக்கங்களில் வெளிர்நீலக் காரில் மூட்டை முடிச்சோடு அவர் கிளம்பிப் போகும் காட்சி வரும். மெதுவாகப் படியுங்கள்.

மதுரையிலிருந்து ஒரு வாசகி: இரண்டு பேர் சேர்ந்து எப்படி ஒரு புத்தகம் எழுத முடியும்? சண்டை வராதா?

நிறைய வந்திருக்கிறது. நாவல்களை ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியமாகப் பேசிப் பேசி எழுதினார்கள். ஒரே சொல் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றிவிட்டால் அதை வேண்டாம் என்று தள்ளிவிடுவார்களாம். இரண்டு தலையில் ஒன்றாக உதித்த சொல் மூன்றாவது தலையிலும் உதிக்கும், அது கைக்கெட்டிய சொல், வேறு தேடுவோம் என்பது அவர்கள் கணக்கு. பெத்ரோவ் இதைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

அமெரிக்கப் புத்தகத்தை மட்டும் அப்படி எழுத முடியவில்லை. இல்ஃபுக்குக் காசநோய். அவர் மாஸ்கோவுக்கு வெளியே ஓய்வில் இருந்தார், பெத்ரோவ் நகரத்தில். அதனால் இல்ஃப் 20 அத்தியாயம், பெத்ரோவ் 20 அத்தியாயம், சேர்ந்து 7 அத்தியாயம் என்று பிரித்துக்கொண்டார்கள். யார் எதை எழுதினார்கள் என்று என்னால் சொல்லிவிட முடியும் என்று ஒரு விமர்சகர் முயன்று பார்த்தார். அவரால் முடியவில்லை.

நோய் முற்றியது அந்தப் பயணத்தில்தான். 1936 ஜனவரியில், நியூ ஓர்லியன்ஸில், பத்து நாளாக நெஞ்சு வலிக்கிறது, இருமினேன், ரத்தம் வந்தது என்று இல்ஃப் பெத்ரோவிடம் சொல்கிறார். அப்புறமும் வாஷிங்டன் வழியாக நியூயார்க்வரை அதே காரில்தான் வந்தார்கள். புத்தகத்தில் நியூ ஓர்லியன்ஸைப் பற்றிய பக்கங்களைத் திரும்பப் படித்துப் பாருங்கள், இதற்கு ஒரு சொல்கூடச் சாட்சி கிடையாது. 1937 ஏப்ரலில், 39 வயதில், இல்ஃப் போய்விட்டார். பெத்ரோவ் 1942இல், போர்முனைச் செய்தியாளராக செவஸ்தபோலிலிருந்து திரும்பும்போது விமான விபத்தில் இறந்தார்.

அத்தனை வருஷம் தோளோடு தோள் உட்கார்ந்து எழுதியவர்கள், ஒருவரை ஒருவர் ஒருநாளும் ‘நீ’ என்று கூப்பிட்டதில்லை. ரஷ்ய மொழியிலும் நம்மைப் போலவே ‘நீ’யும் உண்டு, ‘நீங்க’ளும் உண்டு. இவர்கள் கடைசிவரை ‘நீங்கள்’தான். நியூ ஓர்லியன்ஸில் அந்த விஷயத்தைச் சொல்லும்போதும் இல்ஃப் அப்படித்தான் பேசத் தொடங்கினார்: உங்களிடம் ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்தேன் என்று.