1924 ஒப்பந்தத்தைப் படித்தால் வாய்க்காலில் தண்ணீர் வருமா?

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் விவசாயம் செய்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த என் மகள், கல்லூரியில் வரலாறுதான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். காவிரி பற்றிப் பேச்சு வந்தால், நீரைப் பகிர மைசூரும் சென்னையும் செய்துகொண்ட 1924 ஒப்பந்தத்திற்குப் போய்விடுகிறாள். அதைப் படித்தால் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடுமா?

பதில்: வராது, ஐயா. ஆனால் தண்ணீர் வராத ஆண்டுகளில் நாம் பேசும் பேச்சில் எது நடந்தது, எது காதுவழி வந்தது என்று பிரித்துப் பார்க்க அந்தப் படிப்பு உதவும்.

காவிரி வழக்கை இரு மாநிலத்தாரும் வெவ்வேறு ஆண்டுகளிலிருந்து சொல்லத் தொடங்குகிறார்கள். நாம் கல்லணையிலிருந்து தொடங்கி, தலைமுறை தலைமுறையாக இந்த நீரில் பயிர் செய்த பாத்தியதையைச் சொல்கிறோம். கர்நாடகத்தாரோ, சென்னையின் ஒப்புதலின்றி மைசூர் புதிய அணை கட்டக்கூடாது என்ற 1892 ஒப்பந்தத்திலிருந்து தொடங்கி, ஆங்கிலேயரின் நேரடி ஆட்சியிலிருந்த சென்னை மாகாணத்தோடு, அவர்களுக்கு அடங்கிய மைசூர் சமஸ்தானம் எப்படிச் சமமாகப் பேரம் பேசியிருக்க முடியும் என்று கேட்கிறார்கள். இரண்டிலும் நியாயம் உண்டு. தொடங்கும் ஆண்டை மாற்றினால் குற்றவாளியும் மாறிவிடுகிறார் என்பதைக் கண்டுகொள்வதுதான் வரலாற்று மாணவரின் முதல் வேலை.

அடுத்த வேலை, நடுவில் விடுபட்டதைத் தேடுவது. கண்ணம்பாடியில், இன்று கிருஷ்ணராஜ சாகர் நிற்கும் இடத்தில், 41.5 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) கொள்ளும் அணை கட்ட மைசூர் விரும்பியது. சென்னையிடம் கிடைத்த அனுமதி 11 டிஎம்சிக்குத்தான். ஆனாலும் பெரிய அணைக்கேற்ற அகலத்திலேயே மைசூர் அடித்தளம் போட்டது. தகராறு முற்றி, கிரிஃபின் என்ற நடுவரிடம் போனபோது, 1914-இல் அவர் அளித்த தீர்ப்பு மைசூருக்குச் சாதகமாக இருந்தது! சென்னை அதை ஏற்காமல் லண்டன் வரை முறையிட்டு, மீண்டும் பேச்சு நடந்த பிறகே 1924 ஒப்பந்தம் உருவாயிற்று. ஆகவே ஆங்கிலேயர் எப்போதும் சென்னையின் பக்கமே நின்றார்கள் என்ற கூற்று முழுமையானதன்று. மைசூர் ஒப்புக்கொண்டதைத்தான் கட்டியது என்பதும் அப்படியே. நாம் குறைகூறும் கிருஷ்ணராஜ சாகரின் முழுக் கொள்ளளவுக்கும், 1934-இல் நிறைவுற்ற நம் மேட்டூர் அணைக்கும் அந்த ஒரே ஒப்பந்தம்தான் வழிவிட்டது என்பதை மேடைகளில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

1974-இல் ஒப்பந்தம் காலாவதியாயிற்று என்பார்களே, அதன் வாசகம் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் சில பிரிவுகளை மறுபரிசீலனை செய்யலாம் என்றுதான் சொன்னது. அதன் பொருள் என்ன என்ற வாதம் பல்லாண்டு நீடித்து, 2018-இல் உச்ச நீதிமன்றம் ஒப்பந்தம் 1974-இல் முடிந்ததாகவே தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், கர்நாடகம் ஆண்டுதோறும் நமக்கு விட வேண்டிய நீர் 192 டிஎம்சியிலிருந்து 177.25 ஆகக் குறைந்தது. குறைந்த 14.75 டிஎம்சியில் 10 டிஎம்சிக்கு டெல்டாவின் நிலத்தடி நீரும், 4.75 டிஎம்சிக்குப் பெங்களூரின் குடிநீர்த் தேவையும் காரணமாகக் காட்டப்பட்டன. 1924-ஐ மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இது புரியாது. ஒரு நகரம் எப்படி இவ்வளவு வளர்ந்தது, நம் வயல்களுக்குக் கீழே உள்ள நீரை நீதிமன்றம் ஏன் கணக்கில் எடுத்தது என்றும் படித்திருக்க வேண்டும். உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள், அவர் பேச்சு இன்னும் நீளும்.

வேலை பற்றிய கவலையை நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் இருக்கும். அரசுப் பணித் தேர்வுகளில் வரலாறு முக்கியமான பகுதி. பட்டத்திற்குப் பின் சட்டம் படிக்கவும் வழி உண்டு. கல்லூரியில் சேர்க்கும் முன், அங்கே மாணவர்களை மூல ஆவணங்களைப் படிக்க வைக்கிறார்களா, எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திற்கு எப்போதாவது அழைத்துச் செல்கிறார்களா என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். குறிப்பேட்டை மனப்பாடம் செய்ய வைப்பதோடு நிறுத்திக்கொள்ளும் கல்லூரியானால், வேறு கல்லூரி பாருங்கள். பாடத்தை மாற்ற வேண்டாம்.