தாத்தாவின் ரிவால்வரைச் சுடுவதா, பத்திரப்படுத்துவதா?

பரம்பரையாக வந்த நல்ல ரிவால்வரைப் பயன்படுத்தலாமா என்பது கேள்வி. முதலில், தாத்தாவின் உரிமம் பேரனுக்குச் செல்லாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும்.

பழைய ரிவால்வரின் மதிப்பில் பெரும்பங்கு அதன் கருநீல மெருகுக்கு உண்டு. அது பெயிண்ட் அல்ல. எஃகின் மேற்பரப்பையே வேதிமுறையில் மாற்றி உண்டாக்கிய மிக மெல்லிய ஆக்சைடு படலம். உறையில் செருகி எடுக்க எடுக்க, குழல்முனையும் உருளையின் ஓரங்களும் முதலில் வெளுக்கும். மறுபடி மெருகேற்றலாம், ஆனால் சேகரிப்பாளரிடம் விலை இறங்கிவிடும். பத்தமடைப் பட்டுப்பாயைப் போலத்தான்: கல்யாணத்துக்கு விரிக்கலாம், தினமும் படுத்தால் நைந்துவிடும். ஆகவே மெருகு குலையாத அரிய துப்பாக்கியை நான் பாதுகாக்கவே சொல்வேன். ஏற்கெனவே தேய்ந்ததை, விவரம் அறிந்தவரிடம் சோதித்தபின், துப்பாக்கி சுடும் கழகத்தில் தாராளமாகச் சுடலாம்.

தோலுறையில் போட்டுப் பூட்டினால் பத்திரம் என்று பலர் நம்புகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் ஈரத்தைப் பிடித்துவைத்து எஃகைத் துருப்பிடிக்கச் செய்யும், எண்ணெய் தடவி உறைக்கு வெளியே வைப்பதே சரி.