நண்டின் உடற்சேமிப்பும் பார உலோகங்களும்: கேள்வி பதில்

முல்லைத்தீவு, கடற்றொழிலாளர்: ஐயா, நந்திக்கடலில் பிடிபடும் சேற்று நண்டுகளிற் சில, பெரிதாக இருந்தும் உடைத்தால் உள்ளே நீராகவே இருக்கின்றன. ஈயம், கட்மியம் போன்றவையா காரணம்?

பதில்: அதை மட்டும் வைத்து அவ்வாறு சொல்ல முடியாது. ஓடு கழற்றிய நண்டு நீரை உள்ளெடுத்துப் பெருத்து, பின்னரே அந்த இடத்தைத் தசையால் நிரப்புகிறது. ஓடு அழுத்தத்துக்கு வளைந்து கொடுத்தால் காரணம் பெரும்பாலும் அதுவே.

கிளிநொச்சி, உயர்தர மாணவி: உலோகங்கள் சக்திச் சேமிப்பை எவ்வாறு குறைக்கின்றன?

பதில்: இறாலும் நண்டும் கிளைக்கோசன் என்ற சேமிப்பு மாச்சத்தைத் தசையிலும், உணவைச் சமிக்கச் செய்யும் உறுப்பான ஈரற்கணையத்திலும், கொழுப்பைப் பெரும்பாலும் ஈரற்கணையத்திலும் சேமிக்கின்றன. பூக்கள் (நீரில் சுவாசிக்க உதவும் செவுள்கள்) வழியாகவும் உணவு வழியாகவும் கட்மியம் உட்புகும்போது, கண்காம்பிலிருந்து சுரக்கும் ஓமோன் ஒன்று கிளைக்கோசனை உடைத்துக் குருதியில் குளுக்கோசை உயர்த்துகிறது. கண்காம்பு அகற்றப்பட்ட இறால்களில் இவ்வுயர்வு ஏற்படாமையே அந்த ஓமோனின் பங்குக்கு நல்ல சான்று. பூக்கள் சேதமடைந்தால் ஒட்சிசன் குறைகிறது. ஒட்சிசனுடன் ஒரு குளுக்கோசு மூலக்கூறு கலங்கள் சக்தியாகச் செலவிடும் ஏ.ரி.பி. மூலக்கூறுகள் ஏறத்தாழ 30 தருமெனில், ஒட்சிசனின்றி 2 மட்டுமே கிடைப்பதால், அதே வேலைக்குச் சேமிப்பு பன்மடங்கு வேகமாகக் கரைகிறது. இதற்கிடையே உலோகத்தைப் பிணைத்து வைக்கும் மெற்றலோதயோனீன் என்ற புரதத்தையும் உடல் செலவு செய்து ஆக்க வேண்டும், இரையெடுப்போ குறைந்துவிடுகிறது. கொழுப்பு தீர்ந்த பெண் விலங்கின் சூலகத்தில் முட்டைக் கரு சரியாக நிரம்புவதில்லை என்பதால், இழப்பு அடுத்த தலைமுறைக்கும் செல்கிறது. செப்பின் கதை வேறு: குருதியில் ஒட்சிசனைக் காவும் ஏமோசயனின் என்ற புரதத்துக்கு அது தேவை, மிகுந்தாலே நஞ்சு.

கொக்கிளாய், கடற்றொழிலாளர்: மாரியில் களப்பு நன்னீராகிவிடுகிறதே, அப்போது நஞ்சும் கரைந்து குறையுமல்லவா?

பதில்: எப்போதும் அவ்வாறில்லை. உவர்நீரில் கட்மியத்தின் பெரும்பகுதி குளோரைட்டுடன் பிணைந்திருக்கும். வடகீழ்ப் பருவமழையால் உவர்ப்பு இறங்கும்போது, கட்மியத்தின் அளவு மாறாவிடினும், எளிதில் பூக்களுக்குள் நுழையும் கட்டற்ற அயன்களின் பங்கு கூடுகிறது. அதே வேளையில் உடலின் உப்பைக் காத்துக்கொள்ளவும் நண்டு சக்தியைச் செலவிடுகிறது. சேமிப்பின் மீது இரண்டு சுமைகள் ஒன்றாக விழும் காலம் இது. நீர் மாதிரி எடுப்பவர்கள் கோடையில் மட்டும் வந்து போவது போதாதென்பது என் கருத்து.

வவுனிக்குளம், விவசாயி: எங்கள் உரத்தாலும் இது வருமா?

பதில்: வரக்கூடும். பொசுபேற்று உரங்களில், பாறையின் மூலத்தைப் பொறுத்து, கட்மியம் கலந்திருக்கும். செப்பு கலந்த பூஞ்சைக்கொல்லிகளும் உண்டு.

மாங்குளம், இல்லத்தரசி: சமைத்தால் உலோகம் நீங்குமா?

பதில்: நீங்காது, அம்மா. உலோகம் தசையைவிட ஈரற்கணையத்திலேயே அதிகம் தங்குவதால், நண்டின் நடுவிலுள்ள அந்த மென்பகுதியைப் பிள்ளைகளுக்கு அடிக்கடி கொடுக்காமல் விடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்மிய எல்லையான கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் என்பதும் தசைக்கு மட்டுமே உரியது.