வெளியே நிறுத்தப்பட்டவர்களின் ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள எழுத்தாளருக்கு,

என் மகள் பெர்லினில் மேற்படிப்புப் படிக்கிறாள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு டெக்னோ என்னும் மின்னணு இசை நடனத்துக்குப் போய், ஞாயிறு நண்பகலில்தான் அறைக்குத் திரும்புகிறாள். கண்டித்தேன். "அது எனக்குக் கோயில் மாதிரி அப்பா" என்றாள். கோபம் வந்துவிட்டது. நான் சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் மகுடம் என்னும் தோற்கருவியின் சத்தம் கேட்டு வளர்ந்தவன். சாமியாடும் கோமரத்தாடி மேல் சாமி இறங்கும்போது உடல் நடுங்க நின்றிருக்கிறேன். போதை மருந்தும் இயந்திர ஓசையும் அதற்கு ஈடாகுமா? இந்த இசையைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதால் கேட்கிறேன்.

ஒரு தந்தை,
நாங்குநேரி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் சொன்னதை நான் நம்புகிறேன். ஏன் என்று சொல்ல, பெர்லினை விட்டுச் சிகாகோவுக்குப் போக வேண்டும்.

1977இல் அங்கே சவுத் ஜெஃபர்சன் தெருவில் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவர் ‘வேர்ஹவுஸ்’ என்ற நடனக் கூடத்தைத் திறந்தார். ஃபிராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டுகளை இயக்கினார். டெக்னோவுக்கு நெருங்கிய உறவான ‘ஹவுஸ்’ நடன இசைக்குப் பெயர் வந்தது அந்தக் கூடத்திலிருந்துதான். வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் அமெரிக்கத் தன்பாலீர்ப்பாளர்கள். தேவாலயப் பாட்டில் வளர்ந்து, தாங்கள் யார் என்று வாய்திறந்தால் அதே தேவாலயத்தில் நிற்க முடியாதவர்கள் அவர்களில் பலர். சனி இரவு ஆடத் தொடங்கினால் ஞாயிறு விடிந்த பிறகும் ஆடினார்கள். ஊர் ஆராதனைக்குக் கிளம்பும் நேரத்தில் இவர்கள் இங்கே வியர்வையில் நனைந்து நின்றார்கள். கிருபையிலிருந்து விழுந்தவர்களுக்கான தேவாலயம் என்ற பொருளில் நக்கிள்ஸே அதைக் குறிப்பிட்டிருக்கிறார். இசையிலும் அந்த வேர் கேட்கும். நிமிடத்துக்குச் சுமார் 120 அடி விழும் இயந்திரத் தாளத்தின் மேல் காஸ்பல் என்னும் தேவாலயப் பாட்டின் பியானோ வரும். ஒருவர் அழைக்க, பலர் மறுமொழி தருவார்கள்.

அதற்கும் முன்பு நியூயார்க்கில் டேவிட் மன்குசோ இருந்தார். அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். அங்கே சிஸ்டர் அலிசியா என்ற கன்னியாஸ்திரி, பலூன்கள் கட்டிய அறையில் குழந்தைகளுக்கு இசைத்தட்டுகள் போட்டுக்காட்டுவார். 1970 காதலர் தினத்தன்று மன்குசோ தம் வீட்டிலேயே நண்பர்களைக் கூட்டி ஆடவைத்தபோது அங்கேயும் பலூன்கள் தொங்கின. மது விற்கவில்லை; பழரசம் கிடைத்தது. ஆணும் ஆணும் சேர்ந்து ஆடினால் போலீஸ் பிடிக்கும் என்ற அச்சம் நீங்காத காலம் அது. பெற்றோர் இல்லாத ஒரு குழந்தைக்கு ஒரு கன்னியாஸ்திரி கொடுத்த அறையை, அவர் நூறு பேருக்குத் திருப்பிக் கொடுத்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

போதை பற்றிய உங்கள் கவலையை நான் ஒதுக்கவில்லை. மன்குசோவின் முதல் அழைப்பிதழில் இருந்த ‘லவ் சேவ்ஸ் தி டே’ என்ற வாசகமே எல்எஸ்டி என்ற போதை மருந்தின் பெயரைத் தன் முதலெழுத்துகளில் மறைத்து வைத்திருந்தது. போதை அங்கே இருந்தது, பெர்லினிலும் இருக்கிறது, உயிர்களைக் கொண்டுபோயும் இருக்கிறது. இதை மகளிடம் நேராகப் பேசுங்கள்.

ஆனால் பரவசத்தை மட்டும் வைத்து எதையும் கோயில் என்று நானும் சொல்லமாட்டேன். அதே சிகாகோவில் 1979 ஜூலை 12 அன்று, கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் சுமார் 50,000 பேர் கூடினார்கள். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே ஒரு பெட்டி நிறைய, இப்படிப்பட்ட நடனக் கூடங்களில் ஒலித்த டிஸ்கோ இசைத்தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஆயிரக்கணக்கானோர் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். இரண்டாவது ஆட்டம் நடக்கவில்லை. அவர்களுக்கும் உடல் சிலிர்த்திருக்கும். அவர்களும் தம்மை மறந்து ஒன்றானவர்கள்தான். அன்று அங்கே இருக்கை காட்டும் வேலையில் இருந்த கறுப்பினச் சிறுவன் வின்ஸ் லாரன்ஸ், உடைக்கக் கொண்டுவந்த தட்டுகளில் பல டிஸ்கோவே அல்ல, வெறும் கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகள் என்பதைக் கவனித்தான். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, கடைக்கு வந்த முதல் ஹவுஸ் இசைத்தட்டை உருவாக்கியவர்களில் ஒருவன் அவன்.

ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே காலம், இரண்டு கூட்டங்கள். இரண்டையும் நான் பிரித்துப் பார்ப்பது ஒன்றை வைத்துத்தான்: வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு அந்தக் கூட்டம் இடம் விட்டதா? நியூயார்க்கின் ‘பாரடைஸ் கராஜ்’ நடனக் கூடத்தில், எய்ட்ஸ் என்ற பெயர்கூட வராத 1982 ஏப்ரலில், அந்த நோயாளிகளுக்காக நிதி திரட்டும் நிகழ்ச்சி நடந்தது. மருத்துவமனை ஊழியர்களே தொட அஞ்சிய ஆண்டுகள் அவை. சேர்ந்து ஆடியவர்கள் சேர்ந்து ஆடியவர்களுக்காகக் காசு போட்டார்கள்.

கொடையும் இதுவும் ஒன்றல்ல. கொடையில் சாமி ஒருவர் மேல் இறங்குகிறது, மற்றவர்கள் திருநீறு வாங்கிக் குறி கேட்கிறோம். நடனக் கூடத்தில் யாரும் சாமி இல்லை, யாரும் எதையும் கேட்பதில்லை. ஆனால் என் கேள்வியை நம் பக்கமும் திருப்பத்தான் வேண்டும். மகுடம் அடித்த யாருடைய கையடியில் சாமி வந்ததோ, அவரையே கோயிலுக்குள் விடாத ஊர்கள் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பெர்லினிலும் குறை உண்டு. பெயர்பெற்ற சில கூடங்களின் வாசலில் ஆளைப் பார்த்துத் திருப்பி அனுப்புகிறார்கள். எத்தனை காரணம் சொன்னாலும் அதை என்னால் ஏற்க முடியவில்லை. உள்ளே நுழைவோரின் கைப்பேசி கேமராவின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டுகிறார்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. வெளியே சொல்ல முடியாத வாழ்க்கை கொண்டவர்களும் அங்கே நிம்மதியாகக் கைதூக்கி ஆடலாம். 2024இல் பெர்லின் டெக்னோ ஜெர்மனியின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது, அந்த ஒட்டுத்தாளையும் சேர்த்துத்தான் நான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு மகள் பேசும்போது, எத்தனை மணிக்கு வந்தாய் என்று தொடங்காதீர்கள். பக்கத்தில் ஆடியவர்கள் யார், எங்கிருந்து வந்தவர்கள் என்று கேளுங்கள். கொடையில் உங்கள் உடல் நடுங்கியதை எனக்கு எழுதினீர்கள். அவளிடம் அதைச் சொல்லியிருக்கிறீர்களா?