லூசிட்டானியாவுக்குப் பிறகு 23 மாதங்கள்

வணக்கம். சென்ற வாரக் கட்டுரையில், ‘லூசிட்டானியா கப்பல் மூழ்கடிக்கப்பட்டதும் அமெரிக்கா முதல் உலகப்போரில் குதித்தது’ என்று எழுதியிருந்தீர்கள். கப்பல் மூழ்கியது 1915 மே 7. அமெரிக்கா போர் அறிவித்தது 1917 ஏப்ரல் 6. குதிப்பதற்கு 23 மாதங்களா? முப்பது வருடம் வரலாறு நடத்தியவனுக்கு இந்த வரி உறுத்துகிறது. ஐரோப்பியச் சண்டையே வேண்டாம் என்று ஒதுங்கியிருந்த நாடு உண்மையில் எப்படி உள்ளே வந்தது?
இரா.மு., தஞ்சாவூர்

அன்புள்ள இரா.மு. அவர்களுக்கு,

பிழை என்னுடையதுதான். பள்ளியில் இரண்டு மதிப்பெண்ணுக்காக உருப்போட்ட வரி, யோசிக்காமல் வந்து விழுந்துவிட்டது. நீங்கள் எனக்கு ஆசிரியராக இருந்திருந்தால் விழுந்திருக்காது.

ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்த பிரிட்டிஷ் பயணிகள் கப்பலான லூசிட்டானியாவில் இறந்த 1,198 பேரில் 128 பேர் அமெரிக்கர்கள். நாடு கொதித்தது உண்மை. ஆனால் ஜனாதிபதி வில்சன் கண்டனக் கடிதங்களோடு நிறுத்திக்கொண்டார். அந்தக் கடிதத்தின் கடுமையே போரில் கொண்டுபோய் விட்டுவிடும் என்று வெளியுறவு அமைச்சர் பிரையன் பதவி விலகினார். 1916 நவம்பரில் வில்சன் மறுபடி வென்றபோது அவர் கட்சியின் முழக்கம், ‘நம்மைப் போரில் சிக்காமல் காத்தவர்’.

ஒதுங்கியிருந்தது வாய்தான், கல்லாப்பெட்டி ஒதுங்கவில்லை. ஜெர்மனிக்கான கடல்வழியை பிரிட்டிஷ் கடற்படை அடைத்துவிட்டதால், அமெரிக்கக் கோதுமையும் வெடிமருந்தும் பெரும்பாலும் ஒரே பக்கம் போயின. வாங்கக் காசு தட்டுப்பட்டபோது கடனும் கிடைத்தது. 1915இல் மட்டும் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் நியூயார்க் வங்கிகள் திரட்டிக் கொடுத்தது 50 கோடி டாலர். நடுநிலை நாடு வியாபாரம் செய்வதில் சட்டப்படி குற்றமில்லை. பெர்லினில் இருந்தவர்களுக்கோ அது எதிரியின் களஞ்சியமாகத் தெரிந்தது.

1917 ஜனவரி 9 அன்று, பிளெஸ் மாளிகையில் ஜெர்மன் பேரரசர் கைசரும் அவருடைய தளபதிகளும் கூடினார்கள். மாதம் ஆறு லட்சம் டன் கப்பல்களை மூழ்கடித்தால் ஐந்தே மாதத்தில் பிரிட்டன் பணிந்துவிடும் என்பது கடற்படையின் கணக்கு. நடுநிலைக் கப்பல்களுக்கும் விலக்கில்லை என்றால் அமெரிக்கா போருக்கு வரும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். வரட்டும், படை திரட்டி அட்லாண்டிக்கைக் கடப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்று நினைத்தார்கள். அமெரிக்கா போருக்குள் வந்த நாள் என்று என்னைக் கேட்டால் இந்த நாளைத்தான் சொல்வேன். அந்த அறையில் ஓர் அமெரிக்கர்கூட இல்லை. (ஏப்ரலில் எட்டு லட்சம் டன்னுக்கு மேலேயே மூழ்கடித்தார்கள். பிரிட்டன் பணியவில்லை.)

பிப்ரவரி 1 முதல் நீர்மூழ்கிகள் வரம்பின்றி வேட்டையாடத் தொடங்கின. வில்சன் தூதரக உறவை முறித்தார். அப்போதும் போர் என்று சொல்லவில்லை. மக்கள் மனத்தைத் திருப்பியது ஒரு தந்தி.

ஜெர்மன் வெளியுறவுத் துறைச் செயலர் ஸிம்மர்மன் மெக்சிகோவுக்கு அனுப்பிய சங்கேதத் தந்தி அது. அமெரிக்காவோடு போர் மூண்டால் எங்களோடு சேருங்கள், பணம் தருகிறோம், நீங்கள் இழந்த டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனாவை மீட்டுக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். இதில் வேடிக்கை, தந்தி போன வழி. சமாதானப் பேச்சுக்கு உதவட்டும் என்று வில்சன் தம் நாட்டுத் தூதரகத் தந்தித் தடத்தை ஜெர்மானியருக்கு இரவல் கொடுத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரரின் ஏணியை இரவல் வாங்கி அவர் வீட்டுக்கே கன்னம் வைப்பது போல, தந்தி அந்தத் தடத்திலேயே வாஷிங்டன் வரை போய், அங்கிருந்து மெக்சிகோ சேர்ந்தது.

லண்டனில் பிரிட்டிஷார் அதை ஒட்டுப்பார்த்துச் சங்கேதத்தை உடைத்தார்கள். ஆனால் வெளியே சொன்னால் நண்பனான அமெரிக்காவின் தந்தித் தடத்தையும் வேவு பார்க்கிறோம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். எனவே மெக்சிகோ நகரத் தந்தி நிலையத்திலிருந்து இன்னொரு பிரதியைக் கள்ளத்தனமாகப் பெற்று, அங்கே கிடைத்ததாகக் காட்டிக்கொண்டார்கள். மார்ச் 1 அன்று அமெரிக்கப் பத்திரிகைகளில் அது வெளியானபோது, பிரிட்டனின் பித்தலாட்டம் என்று பலர் சொன்னார்கள். மறுத்திருந்தால் ஸிம்மர்மன் தப்பியிருக்கவும் கூடும். மார்ச் 3 அன்று அவரே ‘ஆம், நான் அனுப்பியதுதான்’ என்றார். அந்த நேர்மை எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அதுவரை போர் கடலுக்கு அப்பால் எங்கோ நடந்தது; இப்போது டெக்சாஸின் பெயரே அடிபட்டது. மார்ச் நடுவில் மேலும் மூன்று அமெரிக்கக் கப்பல்கள் மூழ்கின. ஏப்ரல் 2 அன்று வில்சன் நாடாளுமன்றத்தில் போர் கேட்டார். பிரதிநிதிகள் சபையில் 373 பேர் ஆதரவு, 50 பேர் எதிர்ப்பு.

உள்ளே வந்த பிறகும் பழைய குணம் போகவில்லை. பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் ‘நேச நாடு’ என்ற பெயரை ஏற்க மறுத்து, ‘உடன் போரிடும் நாடு’ என்று தள்ளி நின்றது அமெரிக்கா.

கட்டுரையில் அந்த வரியைத் திருத்திவிட்டேன். நன்றி.