ஐயனார் கோயில் காட்டை எப்படிக் காப்பாற்றுவது?

கேள்வி: காரைக்குடியை ஒட்டிய எங்கள் ஊரில் ஐயனார் கோயிலைச் சுற்றிப் பன்னிரண்டு ஏக்கர் முள்காடும் ஓர் ஊருணியும் இருக்கின்றன. ஊர் இப்போது மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. மனைக்கற்கள் காட்டின் விளிம்புவரை வந்துவிட்டன. இளைஞர்கள் சேர்ந்து ஜேசிபி வைத்துச் சுத்தம் செய்து, ஆயிரம் மரக்கன்று நட்டு, மக்கள் வந்து பார்க்கும் இடமாக்க நினைக்கிறோம். எதில் தொடங்கலாம்?

பதில்: முதலில் ஜேசிபியை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் சுத்தம் செய்ய நினைக்கும் புதர்தான் காடு. காரை, சூரை, முட்சங்கு, காயா, உசிலை, வெப்பாலை எல்லாம் செம்மண்ணிலும் செம்புரான் பாறையிலும் குறைந்த மழையைக் கொண்டு வளரப் பழகியவை. அந்த முள்ளுக்குள்தான் கவுதாரி முட்டையிடுகிறது, முயலும் கீரியும் பதுங்குகின்றன. பனிக்காலத்தில் வடக்கிலிருந்து வரும் ஆறுமணிக்குருவி புதரடியில் கிடக்கும் சருகைக் கிளறித்தான் இரை தேடும். சருகைக் கூட்டி எரித்தால் அதற்கு அங்கே வேலையில்லை.

அடுத்து, நிலம் யாருடையது என்று பாருங்கள். சர்வே எண்ணைக் கொண்டு ‘அ’ பதிவேட்டு நகலும் புல வரைபடமும் எடுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம். ஊரார் ‘கோயில் காடு’ என்று சொல்லும் நிலம் பதிவேட்டில் பல துண்டுகளாக இருக்கும்: கொஞ்சம் கோயில் பெயரில், கொஞ்சம் ஊருணிப் புறம்போக்கு, மீதி தரிசு. கவலைப்பட வேண்டியது இந்தத் தரிசைப் பற்றித்தான். பதிவேட்டைப் பொறுத்தவரை அது பயன்படாத நிலம். புதிய கட்டடம், குப்பைக்கிடங்கு எதற்கு இடம் தேடினாலும் அதிகாரிகள் கண்ணில் முதலில் படும். அதனால் காட்டின் எல்லையைப் புல வரைபடத்தில் குறித்து, படங்களோடு திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனுவாகக் கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள்.

ஊராட்சியாக இருந்தால் கிராம சபையில் தீர்மானம் போட்டிருக்கலாம். மாநகராட்சிக்குள் அந்த வழி அடைபட்டுவிட்டது. ஆனால் 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, மாநகராட்சி உட்பட ஒவ்வோர் உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும். அந்தக் குழு தயாரிக்கும் மக்கள் பல்லுயிர் பதிவேட்டில் உங்கள் காட்டின் செடிகொடிகளையும் உயிரினங்களையும் ஏற்றச் சொல்லுங்கள். அதே சட்டத்தின் 37-ஆம் பிரிவில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கவும் வழி உண்டு. மதுரைக்கு அருகே அரிட்டாபட்டி 2022-ல் தமிழ்நாட்டின் முதல் தலமாக அப்படி அறிவிக்கப்பட்டது. திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் ஐந்து ஹெக்டேருக்கும் சற்றுக் குறைவான கோயில் காடு 2025-ல் அந்த நிலையைப் பெற்றது. உங்கள் பன்னிரண்டு ஏக்கரும் ஏறக்குறைய அதே அளவுதான். சின்ன இடம் என்று தயங்க வேண்டாம். அறிவிப்பு வந்ததும் ஓய்ந்துவிடவும் கூடாது. அரிட்டாபட்டி அறிவிப்புக்குப் பிறகும் அந்தப் பகுதி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் சேர்க்கப்பட்டது. ஊர்கள் திரண்டு போராடிய பிறகுதான் 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது.

தண்ணீருக்கு வருவோம். ஐப்பசியில் கனமழை பெய்யும் நாளில் ஊருணியிலிருந்து, அதற்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலின் வழியே மேட்டை நோக்கி நடந்து பாருங்கள். புது மனைச் சாலை எங்கே குழாய் வைக்காமல் வரத்துக்காலை மறித்திருக்கிறது, எந்தக் கழிவுநீர் உள்ளே இறங்குகிறது என்பதெல்லாம் அன்று ஒரு நாளில் தெரிந்துவிடும். தூர் வாரும்போது நடுவில் ஆழமாகத் தோண்டாதீர்கள். அடியில் படிந்த களிமண்தான் தண்ணீரைப் பிடித்து நிறுத்துகிறது. அதைக் கிழித்துச் செம்புரான் வரை போனால் தை பிறப்பதற்குள் ஊருணி வற்றிவிடும். கரையை ஒட்டி, மூன்றடி தள்ளிப் போனால் ஓரடி இறங்கும் அளவில் சரிவு விடுங்கள். செங்குத்தாக வெட்டிக் கல் பதித்த கரையில் கொக்குகூட இறங்கி நிற்க முடியாது.

சீமைக்கருவேலத்தை எடுத்தே ஆகவேண்டும், ஆனால் பொறுமையாக. அரசு நிலத்தில் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது, ஏலம் விடுவார்கள். ஏலம் எடுப்பவருக்குக் கரிமூட்டத்துக்கு ஆகும் பருத்த கட்டை போதும். மண்ணில் நிற்கும் அடித்தூரை விட்டுவிட்டுப் போய்விடுவார். தரைமட்டத்தில் வெட்டிய தூர் அடுத்த மழையில் நாலைந்து கிளையாகத் துளிர்த்து முன்னைவிட அடர்ந்துவிடும். ஆகவே தூரை ஓரடி ஆழமாவது தோண்டி வேர்க்கழுத்தோடு எடுக்க வேண்டும் என்பதை ஏல நிபந்தனையிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் பருமனுள்ள கன்றுகளை மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது கையாலேயே பிடுங்கலாம். காய் முற்றி உதிர்வதற்கு முன் வேலையை முடித்துவிடுங்கள். உதிர்ந்த காயை ஆடு தின்றால், அது போகும் இடமெல்லாம் புழுக்கையோடு விதையும் முளைக்கும்.

ஆண்டுக்கு மூன்று ஏக்கருக்கு மேல் கை வைக்காதீர்கள். வெட்டுவதற்கு முன்பே சீமைக்கருவேலத்தின் நிழலில் நிற்கும் நம் மரங்களுக்குத் துணி கட்டி அடையாளம் வையுங்கள். இதைச் செய்யாததால்தான் பல ஊர்களில் சீமைக்கருவேலத்தோடு உசிலையும் காரையும் சேர்ந்து போயின. வெட்டிய இடத்தில் முதல் மழைக்கே நூற்றுக்கணக்கில் முளைத்து வரும். மூன்று வருடம் விடாமல் பிடுங்கினால் அடங்கும். ஊருணிக் கரையில் மட்டும் மழைக்காலத்தில் சீமைக்கருவேலத் தூரைத் தோண்ட வேண்டாம், கரை உடைந்துபோகும். அங்கே பத்தடிக்கு ஒன்றாகப் பனங்கொட்டை ஊன்றி, அது வேர் பிடித்து எழும்பிய பிறகு சீமைக்கருவேலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம்.

ஆயிரம் கன்று தேவைப்படாது. வெறுமையாகிப்போன இடத்தில் மட்டும், உங்கள் காட்டிலேயே பொறுக்கிய விதையில் வளர்த்த கன்றுகளை ஐப்பசி முதல் மழைக்குப் பின் நடுங்கள். குழி இரண்டடிக்கு இரண்டடி இருக்கட்டும். செம்புரான் தட்டினால் கடப்பாரையால் உடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வேர் கீழே இறங்க முடியாது. குல்மோகர், தைலமரம், தூங்குமூஞ்சி எது இலவசமாக வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

மக்கள் வருவது நல்லதுதான். பார்த்துப் பழகிய காட்டுக்காகத்தான் ஆட்கள் மனு எடுத்துக்கொண்டு வருவார்கள். செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் அதிகம் வரும் மார்கழி, தை மாதங்களில்தான் வலசைப் பறவைகளும் இங்கே இருக்கும். கானாடுகாத்தான், காரைக்குடி விடுதிக்காரர்களிடம் சொல்லி வைத்தால் காலை ஆறு முதல் ஒன்பது மணி வரை ஒரு நடைக்கு ஏற்பாடு செய்யலாம். ஒரு நடைக்குப் பன்னிரண்டு பேர் போதும். பாதை மூன்றடி அகலம், மண் பாதையாகவே, விளிம்பை ஒட்டி வளைந்து போகட்டும். காட்டின் உட்பகுதிக்குள் யாரையும் விடாதீர்கள். சிமென்ட் தளம், விளக்குக் கம்பம், செல்ஃபி வளைவு மூன்றும் வேண்டாம். கூடு இருக்கும் இடத்தின் படத்தை வலைத்தளத்தில் போடக்கூடாது என்பதை நடை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கட்டுப்பாடுகளை ஊரே வைத்துக்கொண்டால்தான் நிற்கும். இதே மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. உங்கள் ஊரிலும் ஐயனாருக்கு மண்குதிரை எடுக்கும் புரவியெடுப்புத் திருவிழாவுக்குக் கூடும்போது பேசுங்கள்: ஒலிபெருக்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், அன்னதான இலையும் தண்ணீர்ப் புட்டிகளும் எங்கே போக வேண்டும், வெடி எங்கே வெடிக்கலாம் என்று பெரியவர்களையும் கோயில் பூசாரிகளான வேளார்களையும் வைத்தே முடிவு செய்யுங்கள்.

வருகிற பொங்கலிலேயே பறவைக் கணக்கெடுப்பைத் தொடங்கிவிடலாம். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுவதும் நடக்கும் கணக்கெடுப்பில் சேர்ந்து, குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று பார்த்ததை இ-பேர்டு செயலியில் ஏற்றுங்கள். அந்தப் பட்டியலை அச்செடுத்து ஆட்சியர் மனுவோடும் பல்லுயிர்க் குழுவுக்கான கடிதத்தோடும் இணைத்துவிடுங்கள்.