மதினியிடம் சொன்னது தப்பா?

மேடம்,

முக்கூடல் பக்கம் எனக்கு ஊர். வயது 34. பீடி சுற்றுகிறேன். அவர் கேரளாவில் கொத்தனார் வேலை பார்க்கிறார். போன வருஷம் தம்பி கடனை அடைக்க, என் செயினை அவருக்குத் தெரியாமல் அடகு வைத்தேன். கழுத்தில் கிடப்பது கவரிங். ஆனி மாசம் ஒரு மத்தியானம் திண்ணையில் இலை வெட்டிக்கொண்டிருந்தபோது, "கழுத்துல என்னட்டி கறுத்துக் கெடக்கு?" என்று பக்கத்து வீட்டு மதினி கேட்டுவிட்டார்கள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அன்று ராத்திரி அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன். விடிந்ததும் வயிற்றைப் பிசைந்தது. இப்போது மதினி யாரிடம் சிரித்துப் பேசினாலும் என் கதைதானோ என்று இருக்கிறது. ஆடி அமாவாசைக்குத் தெருவே வேன் பிடித்துச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போனது. நான் தலைவலி என்று இருந்துவிட்டேன். சுளகை எடுத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்து சுற்றுகிறேன். சொல்லியிருக்கக் கூடாதோ?

— ஒரு வாசகி

அன்புச் சகோதரிக்கு,

அந்த ராத்திரித் தூக்கமும் நிஜம், மறுநாள் பயமும் நிஜம். மனசு இறங்கிய பாரத்துக்குத் தூங்கியது. விஷயம் இன்னொருவர் கைக்குப் போய்விட்டதே என்று விடிந்ததும் பதறியது. சொன்ன பலருக்கும் இப்படித்தான் ஆகிறது.

எனக்குக் கவலை தருவது நீங்கள் திண்ணையை விட்டு எழுந்துபோனதுதான். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஸ்லெபியன் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில், பேச்சில் மறைக்க நேர்கிற நேரத்தைவிட, சும்மா இருக்கும்போது மனம் தானாக ரகசியத்தை நினைத்துக்கொள்வதுதான் அதிகம் என்று தெரிந்தது. மனசை அதிகம் வாட்டுவதும் அந்த நினைப்புதான். பீடி சுற்றுகிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கை தன்பாட்டில் இலையில் தூளை வைத்துச் சுருட்டி நூலைக் கட்டும், மனசு எங்கேயோ அலையும். திண்ணையில் பேச்சு இருந்தது. உள்ளே அதுவும் இல்லை.

மதினி வெளியே சொன்னதற்கு உங்கள் கடிதத்தில் ஒரு அடையாளமும் இல்லை. இவள் ஏன் முகம் கொடுக்கவில்லை என்று அவர்கள்தான் குழம்பியிருப்பார்கள். போய் உட்காருங்கள். "மதினி, அன்னைக்குச் சொன்னது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்" என்றால் போதும். சத்தியமெல்லாம் வாங்க வேண்டாம்.

அப்புறம், கடன் வாங்கிய தம்பி எங்கே? கடிதத்தில் ஒரு வரியோடு தப்பித்துவிட்டார்! வட்டி ஏறுவது அவருக்குத் தெரிய வேண்டும். எப்போது மீட்பது என்று அவரோடு பேசி முடியுங்கள். கணவரிடம் போனில் வேண்டாம். ஊருக்கு வரும்போது அடகுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். கோபப்படுவார். தானாகத் தெரியவந்தால் கோபம் இன்னும் பெரிதாகும்.

அதுவரை எழுதிப் பாருங்கள். அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தினம் 15 நிமிஷம், நாலு நாள், மனசை அறுத்த விஷயங்களை எழுதினார்கள். எழுதியவுடன் துக்கம் கூடியது. ஆனால் பின்னால் வந்த மாதங்களில் அவர்கள் டாக்டரிடம் போனது குறைந்தது. எழுதியதைக் கிழித்துவிடுங்கள், இலைப் பையில் வைத்துவிடாதீர்கள். தூக்கம் கெட்டுக்கொண்டே போனால் அரசின் மனநல உதவி எண் 14416க்குப் பேசலாம், காசு கிடையாது.

கழுத்தில் அரிப்பும் இருந்தால் கவரிங்கைக் கொஞ்ச நாள் கழற்றி வையுங்கள்.